சைடு கதவு வழியாக வந்தவனுக்கு

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, கராஜ் சைடு கதவு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாய். மாற்றியாகிவிட்டது, வியாழக்கிழமை ஆள் வந்து மாட்டினார் என்று சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே, "அப்பாடா, கல்யாணத்துக்கு வர்றப்போ தோள்பட்டையால இடிக்க வேணாம். எப்பவும் போல சைடுலயே வந்துர்றேன்பா" என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அந்த 'எப்பவும் போல' என்ற சொல்லுக்குப் பிறகு உன்னோடு பேசிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். போனில் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான்கு நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் வரப்போவதில்லை. நீ படித்த மறுநாள் இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். உன் அத்தை படிப்பாள், பெரியப்பா வீட்டில் எல்லோரும் படிப்பார்கள், நீ கட்டப்போகும் காம்பார் ஊர்ப் பெண்ணும் படிப்பாள். அதற்குக் காரணம் இருக்கிறது. உன் அம்மாவை எடுத்த அன்று நான் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொன்னேன், அந்தப் பொய்யினால் கெட்டது உன் பேர். ஊருக்கே பொய்யைச் சொல்லிவிட்டு உண்மையை உன் காதில் மட்டும் ஓதினால் அது என்ன நியாயம்?

முதலில் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிலிபினில் இந்த மூலை வீட்டை வாங்கியபோது உனக்கு ஆறு வயது. எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் குடிவந்த மூன்றாம் மாதமே ஒரு சிக்கல் வந்தது. பத்து காஜா டவுன் பக்கம் நான் பிறந்த எஸ்டேட்டில், சாவு வீட்டுக்குப் போய்வந்தால் வெளிக்குழாயிலேயே தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்போம். இந்த வீட்டில் குளியலறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. சுடுகாட்டிலிருந்து வந்தவன் சாமிப் படத்தைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டிக் குளிக்கப் போக வேண்டும். உன் அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "சுத்தமாகறதுக்குள்ள வீடு பூராவும் தீட்டாயிடும்லா" என்றாள். அதனால் கராஜின் பக்கச் சுவரை உடைத்து, சந்துப் பக்கம் ஒரு வாசல் வைத்தேன். உள்ளே ஒரு குழாய், ஒரு வாளி. நான் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்தவன், குழாய் எனக்குப் பத்து நிமிட வேலை. கதவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

படுக்கையறைக்குப் போடுகிற ஒட்டுப்பலகைக் கதவை வாங்கிவந்து வெயிலும் மழையும் படுகிற இடத்தில் நானே மாட்டினேன். ஒரு வருடத்தில் அது உப்பிவிட்டது. மழைக்காலத்தில் கொஞ்சம் தூக்கி, தோளால் இடித்தால்தான் திறக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் உன் அம்மா, "இது எங்க வீட்டுக்காரர் கையால மாட்டுன கதவு, கும்பிட்டுட்டுத் தொறங்க" என்பாள். எனக்குக் கோபம் வரும். கோபம் வந்ததாலேயே இருபது வருடம் அதை மாற்றாமல் வைத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் அவள் ஒரு ஆணி அடித்திருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? நாம் சாவு வீட்டுக்குக் கிளம்பும்போதே அந்த ஆணியில் வெளுத்த துண்டுகளை வரிசையாக மாட்டிவிடுவாள். குளித்து முடித்துத் திரும்பினால் துண்டு இருக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன மாதம் பெய்த மழையில் கதவின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குப் பிய்ந்து விழுந்தது. உள்ளே பலகை தாள் தாளாகப் பிரிந்திருந்தது. நிலையின் கால் இரண்டையும் கரையான் தின்றிருந்தது, விரலை வைத்தால் உள்ளே போகிறது. தண்ணீர் கார் டயர் வரைக்கும் வந்து நின்றது. அப்புறம்தான் பழனியைக் கூப்பிட்டேன். நம் தாமான் குடியிருப்பில் தச்சு வேலை செய்கிற அதே பழனிதான். கோயில் மரண சகாயக் குழுவிலும் அவர்தான் முன்னால் நிற்பார். யார் வீட்டில் சாவு என்றாலும் ஐஸ் பெட்டி கொண்டுவருவது, தகன மையத்தில் நேரம் வாங்குவது, பந்தல் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அம்மாவுக்கும் அவர்தான் செய்தார்.

வந்தவர் கதவைப் பார்த்தார், குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினார். "அண்ணே, இது நீங்க மாட்டுனதா?" என்றார். ஆமாம் என்றேன். "முன்னாடி பின்னாடி எல்லாம் நல்லாத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. அடிப்பக்கம் அடிக்கவே இல்லியே. தண்ணி அங்கிருந்துதான் மேல ஏறுது. யாரு குனிஞ்சு பார்க்கப் போறாங்கன்னு விட்டுட்டீங்க, என்னா?" பிறகு அவரே, "இப்போல்லாம் யாருண்ணே கராஜ்ல குளிக்கிறாங்க? பேசாம செங்கல் வச்சு அடைச்சிடலாமா? ஒரு நாள் வேலைதான்" என்று கேட்டார். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. அடைத்துப் பூசி வெள்ளையடித்துவிட்டால் அங்கே ஒரு வாசல் இருந்ததே தெரியாது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நீ அந்த வாசலில் நனைந்து நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. வேண்டாம், நல்ல மரத்தில் கதவே போடு என்றேன்.

வியாழக்கிழமை காலையில் வந்து கீல் ஆணிகளைத் தட்டி எடுத்தார். கதவைக் கழற்றி நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சந்தில் சாய்த்தோம். நிலையை அறுத்து, கடப்பாரையால் நெம்பினார். பாதி வேலையில், கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார். "அண்ணே, தம்பி கல்யாணத்துக்கு வர்றாருல்ல. அவருக்கு அது தெரியுமா?"

"எது?"

"மறுநாள் காலையில பத்து மணிக்கும் தகன மையத்துல இடம் இருந்துச்சுன்னு."

நான் அப்படியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பழனி விடவில்லை. "அண்ணிய எடுத்த அன்னிக்குச் சாயந்திரம் தம்பி எங்கிட்ட வந்து கேட்டார்ணே. 'ரெண்டு மணி நேரம் கூட வச்சிருந்திருக்க முடியாதாண்ணே'ன்னு. நான் முடியாது தம்பி, அவங்க கொடுக்கல தம்பின்னு சொன்னேன். உங்க முகத்துக்காகச் சொன்னேன். அதுக்கப்புறம் அவர் ஊருக்கு வர்றப்போல்லாம் நான் இந்த ரோட்டுப் பக்கம் வர்றதில்ல. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாரது?"

ஆக, நான் ஒருவன் பொய் சொன்னது போதாமல் ஒரு நல்ல மனிதரையும் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். நான்கு வருடம் அவர் அதைச் சுமந்திருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது.

நடந்தது இதுதான், சரவணா. எடுத்ததற்கு முந்தின நாள் சாயந்திரம் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நான் உனக்குப் போன் செய்தேன். நீ வேலை பார்க்கிற பெர்த்திலிருந்து கிடைத்த முதல் விமானத்தைப் பிடித்தாய். விமானம் தாமதமாகி மறுநாள் மதியம்தான் கோலாலம்பூரில் இறங்கும் என்று தெரிந்ததும், காலையில் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, டாக்ஸி பிடிச்சு நாலு மணிக்குள்ள வந்துர்றேன், வச்சிருக்க முடியுமாப்பா?" என்று கேட்டாய். முடியாது, தகன மையத்தில் இரண்டு மணிதான் கொடுத்திருக்கிறார்கள், மாற்ற முடியாது என்றேன். அதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் பழனி என்னிடம் வந்து, "அண்ணே, நாளைக்குக் காலையில பத்து மணிக்கும் இடம் இருக்கு, தம்பி வரட்டும், வைக்கலாமா? ஐஸ் பெட்டி இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று கேட்டிருந்தார். நான்தான் வேண்டாம், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்? இந்தக் கேள்விக்கு நான்கு வருடமாக வேறு வேறு பதில் வைத்திருந்தேன். மழை வரும் என்று நினைத்தேன், உன் பெரியப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, அவளை இன்னொரு நாள் பெட்டியில் வைத்திருக்க மனம் வரவில்லை என்றெல்லாம். எல்லாம் சும்மா. எனக்கு உன்மேல் கோபம். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால் அம்மாவுக்கு முடியவில்லை, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்றேன். அடுத்த மாதம் வருகிறேன் என்றாய். ஆனால் அப்போது என் கையிலிருந்து போனை வாங்கி, "நீ வேலையப் பாருய்யா, உங்கப்பா சும்மா பயப்படுறாரு" என்று சொன்னது அவள்தான். என் காதால் கேட்டேன். கேட்டும் பழியை உன்மேல் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. கடைசி நாள் அவளுக்கு நினைவு வந்து வந்து போனது. இரண்டு முறை கண்ணைத் திறந்து, "சரவணன் எங்க?" என்றாள். பத்து நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான். என்னைத் தேடி ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அங்கேயே இருக்கிறேனே, என்னை ஏன் தேட வேண்டும் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. அவள் தேடின ஆளுக்கு அவள் முகத்தைக் காட்டக்கூடாது என்று நினைத்திருக்கிறேன். அப்படி வெளிப்படையாக நினைக்கவில்லை, ஆனால் அதைத்தான் செய்தேன். நீ இருக்க வேண்டிய இடத்தில் உன் பெரியப்பா மகன் நின்று கொள்ளி வைத்தான். நீ அந்த நேரத்தில் தாப்பா பக்கம் எங்கேயோ டாக்ஸியில் வந்துகொண்டிருந்திருப்பாய்.

நாங்கள் திரும்பி வந்து, சைடு கதவு வழியாக நுழைந்து, வரிசையாகக் குளித்தோம். ஆணியில் துண்டு இல்லை. மாட்டி வைக்கிறவளைத்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அப்போது முன்கேட்டில் டாக்ஸி நின்றது. நீ பையோடு இறங்கி, முன்வாசல் படியில் கால் வைக்கப் போனாய். நான் உள்ளேயிருந்து, "நீ அந்தப் பக்கமா வா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வா ஐயா என்று சொல்லவில்லை, கையைப் பிடிக்கவில்லை. நீ சுடுகாட்டுக்கே போகவில்லை, உனக்கு எதற்கு அந்தப் பக்கம்? நீ அதைக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்காமல் சந்தைச் சுற்றி வந்து, உப்பின கதவைத் தோளால் இடித்துத் திறந்து, போட்ட சட்டையோடு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாய். துண்டு தேடி அந்த ஆணியைப் பார்த்தாய். பிறகு நனைந்த சட்டையையே கழற்றிப் பிழிந்து முகத்தைத் துடைத்தாய். நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அலமாரியில் துண்டு இருந்தது. எடுத்துக்கொண்டு வரவில்லை.

பதினாறாம் நாள் உன் அத்தை எல்லோர் முன்னாலும், "மகன்னு ஒருத்தன் இருந்தும் அவளுக்குக் கொள்ளி வைக்க ஆளில்லாமப் போச்சு. சாவகாசமா வந்து நிக்கிறான்" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது, அவளைத் தப்புச் சொல்லாதே. தெரிந்தவன் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ மூன்று முறை வீட்டுக்கு வந்திருக்கிறாய். மூன்று முறையும் சைடு கதவு வழியாகத்தான் வந்தாய், தீபாவளிக்கு வந்தபோதுகூட. பையைத் தூக்க வசதி என்று நினைத்து என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நான் சொன்ன ஒரு வார்த்தையை நீ நான்கு வருடமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய்.

கல்யாணம் ஆகப்போகிற உனக்கு நான் என்ன புத்தி சொல்ல? சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. உன் மனைவியோடு சண்டை போடு, தட்டைத் தூக்கி வை, இரண்டு நாள் பேசாமல் இரு, அதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் கோபத்தில் ஒரு காரியம் செய்தால், கோபத்தில் செய்தேன் என்று அன்றைக்கே சொல்லிவிடு. அதற்கு நல்ல காரணம் ஒன்றைத் தேடி மேலே பூசாதே. நான் பூசினேன். என் தங்கச்சி, என் அண்ணன் எல்லோரும் அதைப் பார்த்து, பாவம் மனைவியை இழந்தவர் என்று என்மேல் இரக்கப்பட்டார்கள், உன்னைத் திட்டினார்கள். அந்த இரக்கத்தை நான்கு வருடம் தின்று வாழ்ந்திருக்கிறேன். நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

புதுக் கதவு கெட்டியான மரம். பழனி நிலையை ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து நிறுத்தினார். கீழே சிமெண்டில் ஒரு சின்ன மேடு கட்டினார், தண்ணீர் இனி உள்ளே ஏறாது. வெளியே தலைக்கு மேல் ஒரு தகரம் நீட்டி அடித்திருக்கிறார். மாட்டுவதற்கு முன்னால் கதவைக் குப்புறப் போட்டு, அடிப்பக்கத்துக்கு நானே மூன்று கை பெயிண்ட் அடித்தேன். முட்டி வலி உயிர் போனது. பழனி, "விடுங்கண்ணே, நான் அடிக்கிறேன்லா" என்றார். விடவில்லை. பழைய கதவிலிருந்து அம்மாவின் ஆணியைப் பிடுங்கி, நிமிர்த்தி, புதுக் கதவின் பின்னால் அதே உயரத்தில் அடித்தேன். பழைய கதவை அறுத்து லாரியில் ஏற்றியாகிவிட்டது. இப்போது புதுக் கதவு விரலால் தள்ளினாலே திறக்கிறது. பழக்கதோஷத்தில் நான் இன்னும் தோளைக் கொடுக்கிறேன், இரண்டு முறை தடுமாறி விழப் பார்த்தேன்.

அந்தக் கதவு இனி எதற்கு இருக்கிறதோ அதற்கு மட்டும்தான். நீ வரும்போது அது உள்ளே தாழ் போட்டிருக்கும். முன்வாசல் திறந்திருக்கும். காம்பாரிலிருந்து பெண்ணை அழைத்துக்கொண்டு வருவதற்கு முன்னால், நீ தனியாக வருகிற அந்த முதல் நாளே முன்வாசலில் வா. ஆரத்தி எடுக்க அம்மா இல்லை. நான் நிற்பேன். மன்னிக்க வேண்டும் என்று உன்னைக் கேட்கவில்லை. அவள் முகத்தை உனக்குத் திருப்பித் தர என்னால் முடியாது, அதனால் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே கூசுகிறது. நீ கோபப்பட்டு வராமல் போனாலும் அது உன் நியாயம். கல்யாணத்துக்கு நான் வரவேண்டாம் என்று சொன்னால் வரமாட்டேன், வாட்ஸ்அப்பில் படம் பார்த்துக்கொள்வேன். பழனியை மட்டும் கூப்பிடு. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

மரண சகாயக் குழுவில் என் பேருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் போனால், என் மகன் வந்து என் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் என்னைத் தூக்கக்கூடாது, ஒரு நாள் ஆனாலும் மூன்று நாள் ஆனாலும். பழனி படித்துப் பார்த்துவிட்டு, "நான் உங்களுக்கு முன்னாடி போயிட்டா என்னாண்ணே பண்றது?" என்றார். அதற்குத்தான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அதனால் நீ அன்றைக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவராதே. நிதானமாக வா. இந்த முறை வைத்திருப்பார்கள்.

இனி எழுதப்போவது குழுவில் படிக்கிற மற்றவர்களுக்கு. உன் அத்தைக்கு, முக்கியமாக. அன்றைக்குச் சரவணன் லேட்டாக வரவில்லை. நாலு மணிக்குள் வந்துவிடுவேன், வைத்திருங்கள் என்று என்னைக் கேட்டான். டாக்ஸி வந்து நின்றபோது நான் ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அப்பா